இன்ஸ்பெக்டர் வராத பாய்லர்

ரிட்டயர் ஆனவர்கள் அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போனால் செய்வதற்கு மூன்று வேலைகள் உண்டு. காலையில் நடப்பது, பேரக்குழந்தைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்குவது, பாத்திரம் கழுவும் மெஷினிலிருந்து பாத்திரங்களை எடுத்து அடுக்குவது. போன வருடம் எனக்கு நாலாவதாக ஒரு வேலை வாய்த்தது. அந்த வேலையோடு கூடவே ஒரு அபிப்பிராயமும் மனதில் உறுதிப்பட்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மார்ச் மாதம் டாலஸில் போய் இறங்கியபோது, மகன் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு பெரிய வெள்ளை டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. ஆர்.வி. என்கிறார்கள். பிக்-அப் டிரக்குக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை, ஷவர் எல்லாம் உண்டு. எட்டு வருடம் பழையது. யாரோ ஒரு வயதான தம்பதியிடமிருந்து வாங்கியிருந்தான். "அப்பா, இனிமே ஓட்டல் ரூமே வேண்டாம். அம்மா சமையலோட டெக்சாஸ் முழுக்கச் சுத்தலாம்" என்றான். நான் அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இங்கேயும் சமையல்தானா என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

ஒன்பது வயதுப் பேத்தி என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் அடுக்குக் கட்டிலைக் காட்டினாள். நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "வெந்நீர் எங்கேருந்து வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். "மாமாவுக்கு பாய்லர் ஞாபகம் வந்துடுச்சு" என்றாள் மருமகள்.

சிரிக்கட்டும். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பக்கமே குப்பை கொட்டியவன் வேறு என்ன கேட்பான்? அங்கே இருந்தவை 210 மெகாவாட் யூனிட்டுகள். ஒவ்வொரு பாய்லரும் மணிக்குச் சுமார் 700 டன் நீராவியை 540 டிகிரி சூட்டில் கொடுக்கும். அத்தனை பெரிய ராட்சதன் வருடத்தில் ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வயிற்றைத் திறந்து காட்டியபடி ஒரு மனிதருக்காகக் காத்திருப்பான். அவர்தான் பாய்லர் இன்ஸ்பெக்டர். டிரம்முக்குள் டார்ச் விளக்கோடு நுழைந்து பார்ப்பார். எங்கே உப்புப் படிந்திருக்கிறது, எங்கே அரித்திருக்கிறது என்று குறிப்பார். பிறகு யூனிட்டைக் கிளப்பி, சேஃப்டி வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்ப்போம். அது திறக்கும்போது வரும் சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் மறக்கமாட்டான். எல்லாம் சரியாக இருந்தால் சான்றிதழ். அது இல்லாமல் பாய்லரை ஓட்ட முடியாது.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததில்லை. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்து உயிர்ச்சேதம் ஆன பிறகுதான், அடுத்த வருடம் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. பிறகு நாடு முழுமைக்குமாக 1923-ல் இந்திய பாய்லர்கள் சட்டம். நான் வேலையில் சேர்ந்தபோது அந்தச் சட்டத்தின் முதல் பக்கங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பார் எங்கள் சூப்பிரண்டு. அன்றைய சட்டப்படி, 22.75 லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள, நீராவி உண்டாக்கவே பயன்படும் மூடிய பாத்திரம்தான் பாய்லர். அதாவது பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஐந்து கேலன். அதற்குக் கீழே இருந்தால் அன்றைய சட்டத்துக்கு அதில் அக்கறை இருக்கவில்லை.

இப்போது என் மகனின் டிரெய்லருக்கு வாருங்கள். வெளிச்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் திறந்தால் வாட்டர் ஹீட்டரின் முகம் தெரியும். கொள்ளளவு ஆறு அமெரிக்க கேலன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 22.7 லிட்டர்! அன்றைய சட்டம் எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டதோ, சரியாக அந்த இடத்தில் இது உட்கார்ந்திருக்கிறது. (இது நீராவிக்கான பாத்திரம் இல்லை, வெறும் வெந்நீர்தான், இந்தியச் சட்டத்துக்கு அமெரிக்க டிரெய்லரோடு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அந்த எண் என்னைச் சிரிக்க வைத்தது.) தூத்துக்குடி ராட்சதனுக்கு வருடா வருடம் இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தச் சுண்டெலிக்கு எட்டு வருடமாக யாரும் வரவில்லை. யாரும் வரப்போவதும் இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான். எந்தப் பொருளைச் சட்டம் வந்து பார்ப்பதில்லையோ, அந்தப் பொருளுக்கு நாமே ஒரு தேதி வைத்து, அந்தத் தேதியில் நாமே இன்ஸ்பெக்டராகிப் பார்க்க வேண்டும். "ஓடிட்டுத்தானே இருக்கு" என்பது சான்றிதழ் ஆகாது.

இதை மகனிடம் சொன்னபோது அவன் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

"ஓடிட்டுத்தானேப்பா இருக்கு? வாங்கும்போதே குழாயைத் திறந்து காட்டினாங்க. நல்லா சூடா வந்தது."

"சூடா வர்றது டேங்க் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லடா. அடுப்பு எரியுதுன்னு மட்டும்தான் அர்த்தம்."

அவனுக்கு நேரமில்லை. வாரம் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் சனிக்கிழமை ஸ்பேனர் பிடிக்க விரும்பமாட்டான். அது எனக்குப் புரிகிறது. "நீங்க வேணா பாருங்க" என்று டூல்ஸ் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டான். பேத்தி மட்டும் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த ஹீட்டரின் அமைப்பு எளிமையானது. டேங்குக்கு நடுவே ஒரு வளைந்த குழாய் போகிறது. கீழ்ப்பக்கம் கேஸ் பர்னர் எரியும். அனல் அந்தக் குழாய் வழியே உள்ளே போய், சுற்றியிருக்கும் தண்ணீரைச் சூடாக்கிவிட்டு, அதே கதவு வழியே வெளியே வரும். மின்சாரம் கிடைக்கும் இடத்தில் நின்றால் கேஸ் வேண்டாம். டேங்குக்குள்ளேயே 1,440 வாட் காயில் ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஏறக்குறைய 54 டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். அது பழுதானால் அதிகச் சூட்டில் துண்டிக்க இன்னொரு சுவிட்ச். அதுவும் கைவிட்டால் கடைசிக் காவல், ஒரு சேஃப்டி வால்வு. தண்ணீர் 99 டிகிரியைத் தொட்டாலோ, அழுத்தம் 150 பி.எஸ்.ஐ., நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்தரை கிலோ, ஆனாலோ தானே திறந்துகொள்ளும்.

நான் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது அந்த வால்வைத்தான். அதன் வாயில் ஒரு பித்தளை பிளக்கை வைத்து முறுக்கி அடைத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு நிமிடம் கை ஓடவில்லை. பேத்தி, "என்ன தாத்தா?" என்றாள். நான் உள்ளே போய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன்.

ஏன் அடைத்திருப்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது. இந்த வகை ஹீட்டரில் தண்ணீர் சூடாகும்போது வால்விலிருந்து சொட்டுவது சகஜம். தண்ணீர் சூடானால் விரியும். விரிய இடம் வேண்டும். அதற்காக டேங்கின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தக் காற்று நாளாக ஆகத் தண்ணீரில் கரைந்து போய்விடும். அப்புறம் விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் வால்வு மட்டும்தான். சொட்டும். அதற்கு மருந்து ஐந்து நிமிட வேலை. ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் வரத்தை மூடி, வீட்டுக்குள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, வால்வின் நெம்புகோலைத் தூக்கி, தண்ணீர் வழிவது நிற்கும் வரை பிடிக்க வேண்டும். காற்று மறுபடி மேலே வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். அந்தத் தம்பதிக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொட்டுகிறதே என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாளின் குக்கரில் சேஃப்டி பிளக் அடிக்கடி போய்விடுகிறது என்று ரிப்பேர் கடைக்காரர் அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கிக் கொடுத்துவிட்டார். இனி போகவே போகாது என்று உத்தரவாதம் வேறு. ஒருநாள் வெயிட் வைக்கும் துளையைப் பருப்பு அடைத்துக்கொண்டது. அந்த அம்மாள் வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். மூடி கூரையில் மோதிய பள்ளம் நாங்கள் அந்த வீட்டுப் பக்கம் இருந்த வரைக்கும் அப்படியே இருந்தது.

மகனிடம் ஒரு கணக்குச் சொன்னேன். மூடிய டேங்கில் தண்ணீர் 100 டிகிரியோடு நிற்காது. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரேசமயத்தில் பழுதாகி, வால்வும் அடைபட்டு, தண்ணீர் 150 டிகிரிக்குப் போய், அந்தச் சமயத்தில் அரித்துப்போன டேங்க் கிழிந்தது என்று வைத்துக்கொள். உள்ளே இருக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தக் கணமே நீராவியாகும். இரண்டு லிட்டர் தண்ணீர் மூவாயிரம் லிட்டருக்கும் மேலான நீராவி. ஹீட்டருக்கு மறுபுறம், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பேத்தியின் அடுக்குக் கட்டில் அங்கேதான் இருந்தது.

மூன்றும் ஒன்றாகப் பழுதாவது அபூர்வம். நான் பயமுறுத்தவில்லை. ஆனால் மூன்று காவல்காரர்களில் ஒருவனை நாமே கட்டிப்போட்டுவிட்டு, மற்ற இருவரும் தூங்கமாட்டார்கள் என்று நம்புவதற்கு என்ன நியாயம்? அன்றைக்கே புது வால்வு வாங்க மகனே காரை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்தது அனோட் ராடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைத்தான் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. இவனுடைய டேங்க் எஃகினால் ஆனது, உள்ளே பீங்கான் பூச்சு. பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் அங்கே எஃகு துருப்பிடிக்கும். அதைத் தடுக்க டேங்குக்குள் சுமார் ஒன்பது அங்குல நீளத்துக்கு மெக்னீசியம் அல்லது அலுமினியத்தில் ஒரு தடி நிற்கும். எஃகைவிட மெக்னீசியம் சீக்கிரம் அரிபடும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் தொடர்போடு இருந்தால் அரிப்பு முழுவதையும் மெக்னீசியம் தன் மேல் வாங்கிக்கொள்ளும். அது கரையும் வரை எஃகு பிழைத்திருக்கும். பேத்திக்கு இதை எப்படிச் சொல்வது? எல்லைச் சாமிக்குக் காவு கொடுக்கும் கதையைச் சொல்லி, "இது காவு ராடு" என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் அம்மாவுக்குத்தான் அந்த உதாரணம் பிடிக்கவில்லை.

இந்த யோசனை இருநூறு வருடப் பழசு. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி கண்டு சொன்னது. பிரிட்டிஷ் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் செப்புத் தகடு அடித்திருப்பார்கள். கடல்நீர் அதை அரித்துக்கொண்டே இருந்தது. தகட்டோடு சின்னத் துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்துவிட்டால் செம்பு அரிக்காது என்று டேவி காட்டினார். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரையாமல் போனதால் அதன் விஷமும் போய்விட்டது; கப்பலின் அடியில் பாசியும் சிப்பிகளும் ஒட்டிக்கொண்டு வேகம் குறைந்தது. கடற்படை கைவிட்டுவிட்டது. கப்பலில் தோற்ற யோசனைதான் இன்றைக்கு நம் வெந்நீர் டேங்கைக் காப்பாற்றுகிறது.

எல்லா ஹீட்டரிலும் இந்த ராடு இருக்காது. முழுக்க அலுமினியத்தில் செய்த டேங்குகளும் ஆர்.வி.களில் நிறைய உண்டு. அவற்றில் ராடு கிடையாது, வெறும் பிளாஸ்டிக் பிளக்தான். நல்லது செய்வதாக நினைத்து அதில் ராடு வாங்கிப் போடக் கூடாது. எது எந்த வகை என்று கையேட்டில் இருக்கும்.

இவன் ஹீட்டரில் ராடு இருக்கும் மறையை 1 1/16 அங்குல சாக்கெட் போட்டுத் திறந்தேன். வெளியே வந்தது ராடு இல்லை. நடுவில் இருக்கும் கம்பி மட்டும், அதில் அங்கங்கே ஒட்டிய வெள்ளைப் பொருக்கு. மெக்னீசியம் எப்போதோ முழுவதும் கரைந்துவிட்டது. அதன் பின்னாலேயே தண்ணீரோடு கைப்பிடி கைப்பிடியாக சுண்ணாம்புச் செதில்கள். மத்திய டெக்சாஸ் பூராவும் சுண்ணாம்புப் பாறை நிலம், தண்ணீர் கடினமானது. வயதான அந்தத் தம்பதி அந்தப் பக்கமெல்லாம் நிறையச் சுற்றியிருக்கிறார்கள் என்று டேங்கே சாட்சி சொன்னது. மகன் அந்தக் கம்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவ்வளவுதான் மிச்சமா?" என்றான். அதற்குப் பிறகு அவன் உள்ளே போகவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இந்தப் பதிவு கிழவனின் பெருமையாக முடிந்துவிடும்.

டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது மருமகள் டிரெய்லருக்குள் டீ போடத் தண்ணீர் கேட்டாள். ஹீட்டருக்குப் பின்னால் பைபாஸ் வால்வு இருக்கிறது. அதைத் திருப்பினால் டேங்கை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் நேராகக் குழாய்களுக்குப் போகும். திருப்பினேன். டீ வந்தது, குடித்தோம். புது ராடு போட்டேன், புது வால்வு போட்டேன், மறைகளில் டெஃப்ளான் டேப் சுற்றினேன். வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் கொட்டியது. டேங்க் நிரம்பிவிட்டது என்று காயிலுக்கு மின்சாரம் கொடுத்தேன்.

பைபாஸைத் திரும்ப மாற்றவில்லை. வெந்நீர்க் குழாயில் வந்தது பைபாஸ் வழியாக வந்த பச்சைத் தண்ணீர். டேங்குக்குள் ஒரு சொட்டு இல்லை. காயில் எரிந்துபோனது.

முப்பத்தோரு வருட பாய்லர் இன்ஜினியர், வெறும் டேங்குக்கு நெருப்பு வைத்தேன். மின் நிலையத்தில் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நான் முதல்நாள் சொல்லும் பாடமே "முதல்ல தண்ணி, அப்புறம் நெருப்பு" என்பதுதான். அன்று காலைதான் பேத்திக்கும் சொல்லியிருந்தேன். அவள் அதை ஞாபகப்படுத்தத் தவறவில்லை. மகன் ஒன்றும் சொல்லாமல் புதுக் காயிலுக்கு ஆர்டர் போட்டான். என் மனைவி மட்டும், "அங்கே உங்களைச் சுத்தி நாலு பேர் செக் பண்ணிட்டே இருந்தாங்க. அதனால ஊருக்கே கரண்ட் வந்தது" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் உண்மை. அங்கே நான் தப்பு செய்யாததற்குக் காரணம் என் அறிவு மட்டும் இல்லை. வரிசையாக எழுதிவைத்த தாள் இருந்தது. ஒவ்வொரு வால்வுக்கும் எதிரே கையெழுத்து போட ஒருவர் இருந்தார். வருடத்துக்கு ஒரு தேதி இருந்தது. அறிவை மட்டும் நம்பினால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும்.

அன்று மாலை பேத்தியை உட்காரவைத்து ஒரு தாள் எழுதினோம். நான் சொன்னேன், அவள் எழுதினாள். ஹீட்டர் கதவுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறது. உங்களில் யாருக்காவது பிள்ளைகள் ஆர்.வி. வைத்திருந்தால் பயன்படட்டும் என்று இங்கேயும் தருகிறேன்.

1. மின்சாரம், கேஸ் இரண்டையும் அணை. சில மணி நேரம் ஆறவிடு. சூடான டேங்கை ஒருபோதும் திறக்காதே. 54 டிகிரித் தண்ணீர் அரை நிமிடம் பட்டாலே கடுமையாக வெந்துவிடும். குழந்தைத் தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

2. தண்ணீர் வரத்தை மூடு, பம்ப்பை அணை. வெந்நீர்க் குழாயைத் திறந்து, சேஃப்டி வால்வைத் தூக்கி அழுத்தத்தை விடு. அப்புறம்தான் ராடைக் கழற்றவேண்டும். கழற்றும்போது நேர் எதிரே உட்காராதே.

3. ராடைப் பார். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்று. விலை பத்து இருபது டாலர்தான்.

4. டேங்குக்குள் மெல்லிய குழாய் விட்டு, செதில் வருவது நிற்கும்வரை கழுவு. சுண்ணாம்பு கெட்டியாக இருந்தால் வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவைத்து வடித்து, மறுபடி கழுவு.

5. பர்னர் குழாயில் சிலந்தி, குளவி கூடு கட்டியிருக்கிறதா பார். சுடர் நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்று சரியாகப் போகவில்லை.

6. ராடைப் பூட்டு. பைபாஸ் வால்வைப் பார். தண்ணீரை விடு. வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது; சேஃப்டி வால்வைத் தூக்கினால் அதிலிருந்தும் தண்ணீர் வரவேண்டும். வந்தால்தான் டேங்க் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

7. முதல்ல தண்ணி, அப்புறம் நெருப்பு.

8. குளிர்காலத்துக்கு முன் டேங்கைக் காலி செய். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், எஃகும் கிழியும்.

9. தேதி, கையெழுத்து.

ஆறாவதையும் ஏழாவதையும் அவள் சிவப்பு மையில் எழுதினாள். காரணம் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு எதிராகச் சிலர் சொல்வது எனக்குத் தெரியும். ஒன்று, ஆளை வைத்துச் செய்துகொண்டால் போகிறது. தாராளமாகச் செய்யலாம், எல்லோராலும் ஸ்பேனர் பிடிக்க முடியாது. ஆனால் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெளியே வந்த ராடை உங்கள் கண்ணால் பாருங்கள். கணக்கு எழுதப் பிள்ளை இருந்தாலும் பெட்டிச் சாவி முதலாளி கையில்தானே இருக்கிறது? இன்னொன்று, பழுதானால் புதுசு வாங்கிக்கொள்ளலாம், இதற்குப் போய் ஒரு சனிக்கிழமையா என்பது. அமெரிக்காவில் மட்டும் இல்லை, இப்போது சென்னையிலும் இதே பேச்சுத்தான். பணக் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் டேங்க் பழுதாகப்போவதை முன்கூட்டிக் கடிதம் போட்டுச் சொல்லாது. ஊரைவிட்டு நூறு மைல் தள்ளி, குழந்தைகளோடு நடு ராத்திரியில் தரையெல்லாம் தண்ணீராக நிற்கும்போது எந்தக் கடையும் திறந்திருக்காது. அடைபட்ட வால்வோ, அது கூடச் சொல்லாது.

ஆர்.வி. நமக்கெதற்கு என்று நினைக்கும் சென்னை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குளியலறைச் சுவரில் தொங்கும் ஸ்டோரேஜ் கீசரிலும் பெரும்பாலும் இதே மெக்னீசியம் ராடு இருக்கிறது, இதே போன்ற வால்வு இருக்கிறது. நம் போர் தண்ணீரின் உப்பு டெக்சாஸ் சுண்ணாம்புக்குச் சளைத்ததில்லை. அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? எங்கள் வீட்டில் பதினொரு வருடம் ஆகியிருந்தது. ஊர் திரும்பியதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். என்ன வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் எல்லோருமாக கார்னர் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். ஃப்ரியோ ஆற்றுத் தண்ணீர் பெயருக்கேற்ற மாதிரி சில்லென்று இருந்தது. ஃப்ரியோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் குளிர் என்று அர்த்தமாம். பேத்தி உதடு நடுங்க ஆற்றிலிருந்து ஓடிவந்து டிரெய்லரில் வெந்நீரில் குளித்தாள். இதமான வெந்நீர். உள்ளே அவள் பாடுவது வெளியே கேட்டது. நான் மடக்கு நாற்காலியில், ஹீட்டர் கதவுக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன். ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

நவம்பரில் மகன் போன் செய்தான். டேங்கைக் காலி செய்கிறேன், தாளில் எட்டாவது வரி என்றான். இந்த மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பேத்தியின் உள்ளங்கையில் அனோட் ராடு. பாதி கரைந்து, அங்கங்கே குழிவிழுந்து, கரும்பைக் கடித்த மாதிரி இருந்தது. கீழே மகன் எழுதியிருந்தான்: "அப்பா, பாதி இருக்கு. மாத்தணுமா, இன்னும் ஒரு வருஷம் போகுமா?"

போகும் என்று எழுதினேன். பிறகு இன்னொரு வரி சேர்த்தேன்: பைபாஸைப் பார்த்தாயா?

"பேத்தி பார்த்துட்டா. கையெழுத்தும் போட்டுட்டா" என்று பதில் வந்தது.

உங்கள் வீட்டில் யாரும் வந்து சோதிக்காத பொருள் எது? கீசரா, கேஸ் டியூபா, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியா? ஒன்றுக்காவது ஒரு தேதி வையுங்கள். வைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.